தலைமன்னார்த் துறையும் பிரஜாவுரிமைச் சட்டமும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த காலத்தில் தலைமன்னார் என்ற பெயர் எங்கள் செய்தியறைக்கு எண்களாகவே வந்துகொண்டிருந்தது. இந்த வாரம் இத்தனை குடும்பங்கள், இந்த மாதம் இத்தனை பேர், இதுவரை தாயகம் திரும்பியோர் மொத்தம் இத்தனை. தொலைபேசியில் குறித்துக்கொண்டு, உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் பிரசுரித்துவிடுவோம். மறுநாள் அதைப்பற்றி எவரும் கேட்டதில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று நாங்கள் எழுதிய சொற்றொடரில் இருந்த பிழைகூட எனக்குப் பிந்தியே உறைத்தது. அவர்களுள் பெரும்பாலானோர் இலங்கையில் பிறந்தவர்கள். காணாத ஊருக்கு எவரும் 'திரும்ப' முடியாது.

பல ஆண்டுகள் கழித்து, அந்த எண்கள் எங்கிருந்து புறப்பட்டன என்று தேடத் தொடங்கியபோது, அவை புதுடில்லியிலும் கொழும்பிலும் லண்டனிலும் அரசாங்க அதிகாரிகள் அமர்ந்து பேசிய மேசைகளில் பிறந்தவை என்பது தெரிந்தது. அந்தப் பேச்சுகளின் கதையை மன்னார்க் கரையில் நின்று பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஏனெனில் அந்த மக்கள் வந்ததும் இக்கரை வழியாக. போனதும் இக்கரை வழியாக.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர்கள் தோணிகளில் பாக்கு நீரிணையைக் கடந்து தலைமன்னாரிலும் மன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து கால்நடையாக, காட்டு வழியில், மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு. ஏறத்தாழ 150 மைல். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, கணக்கும் இல்லை. 'வடக்குப் பாதை' என ஆங்கிலேயர் பதிவுகளில் குறிப்பிடப்படும் அந்த வழி நூற்றாண்டின் முடிவில்தான் கைவிடப்பட்டது. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயிலேறியவர் மறுகரையில் இறங்கி மீண்டும் ரயிலேறிக் கொழும்பு போகலாம். மண்டபத்தில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் தங்கி, நோயில்லை என்று தெளிந்த பின்னரே தொழிலாளி கப்பலேற முடியும். மண்டபம் முகாம் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் அது மூன்று முறை வரும்.

இரு கரையும் ஒரே பேரரசின் ஆட்சியில் இருந்தவரை, கடலைக் கடந்தவன் அந்நியனா என்ற கேள்வி எழவேயில்லை. இருவரும் பிரித்தானியப் பிரஜைகள். கேள்வி எழுந்தது வாக்குரிமையோடு. 1931இல் டொனமூர் அரசியல் யாப்பு சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தபோது, தோட்டத் தொழிலாளருக்கும் வாக்கு உண்டு என்றால் மலைநாட்டுத் தொகுதிகள் யார் கைக்குப் போகும் என்ற அச்சம் சிங்களத் தலைவர்களிடையே பரவியது. அதனால் வதிவு, நிரந்தர எண்ணம் போன்ற நிபந்தனைகள் நுழைக்கப்பட்டன. 'இவன் இங்கே இருக்கிறானா' என்பது எளிய கேள்வி; பார்த்தால் தெரியும். 'இவன் இங்கேயே இருக்க எண்ணுகிறானா' என்பது வேறு வகையான கேள்வி. அதற்கு விடை எழுதும் அதிகாரம் எப்போதும் மேசைக்கு அப்பால் இருப்பவரிடமே உண்டு. பின்னர் வந்த எல்லாப் பேச்சுகளிலும் இந்த இரண்டாவது கேள்வியே வெவ்வேறு வேடங்களில் வந்து நின்றது.

1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்கத் தொடங்கியது. இந்தியக் காங்கிரஸ் ஜவகர்லால் நேருவைத் தூது அனுப்பியது. அவர் பேசிப்பார்த்தார், பயன் அதிகமில்லை. அவர் வந்து சென்ற அந்த ஜூலையில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. ஓகஸ்ட் முதலாம் திகதி முதல் இந்திய அரசாங்கம் பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதற்குத் தடை விதித்தது. தலைமன்னார்க் கப்பலில் புதிய ஆள் வருவது அன்றோடு நின்றது. இது முக்கியமான செய்தி. ஏனெனில் அதன் பின்னர் தோட்டங்களில் இருந்தவர்கள் எல்லோரும் நெடுங்காலமாக இருந்தவர்கள் அல்லது அங்கேயே பிறந்தவர்கள். ஆனால் 'வந்து போகிறவர்கள்' என்ற வாதம் மட்டும் நிற்கவில்லை.

1940 நவம்பரில் புதுடில்லியில் இரு அரசாங்கங்களும் அமர்ந்தன. இலங்கைக் குழுவில் டி.எஸ்.சேனநாயக்கவும் எஸ்.டபிள்யூ.ஆர்.டி.பண்டாரநாயக்கவும் இருந்தனர். இந்தியத் தரப்பில் சர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். இலங்கை அப்போது முடியாட்சியின் குடியேற்ற நாடு. இந்தியாவும் சுதந்திர நாடு அன்று. ஆயினும் தங்களுடைய மக்கள் யார் என்பதைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்று பேரரசு இரு தரப்புக்கும் விட்டிருந்தது. ஐந்தாண்டு வதிவும் நிலையான அக்கறையும் உள்ள இந்தியர் அனைவருக்கும் முழுக் குடியுரிமை என்பது இந்தியாவின் கோரிக்கை. இலங்கைக் குழு அதற்கு இணங்கவில்லை. பேச்சு முறிந்தது.

அடுத்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் மறுபடியும் கூடினர். இம்முறை ஓர் உடன்பாடு கண்டனர். பாஜ்பாய்–சேனநாயக்க உடன்பாடு என்று அதற்குப் பெயர். பிறப்பால் இலங்கையை உரியவிடமாகக் கொண்டவர், விருப்பத்தால் கொண்டவர், நிரந்தரமாகக் குடியேறியதற்கு அத்தாட்சி பெற்றவர் என மக்களைத் தரம் பிரித்த ஆவணம் அது. சட்ட அறிஞர்கள் எழுதிய ஆவணத்தின் நேர்த்தி அதில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத, லயத்தில் பத்தடி அறையில் குடியிருக்கும் ஒரு கொழுந்தெடுக்கும் பெண் 'விருப்பத்தால் உரியவிடம்' என்பதை எந்த அதிகாரியிடம் எப்படி நிரூபிப்பாள் என்ற கேள்விதான் அதில் இல்லை. இந்தியாவில் எதிர்ப்பு எழுந்தது. டில்லி அதை உறுதிப்படுத்தவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, யுத்தத்துக்கு இறப்பர் தேவைப்பட்டபோது, இதே இலங்கை அரசாங்கம் கூடுதல் தொழிலாளரை அனுப்புமாறு இந்தியாவைக் கேட்டது என்பதையும் இங்கே குறித்துவிட வேண்டும். இந்தியா மறுத்தது.

சோல்பரி ஆணைக்குழு வந்து போயிற்று. குடிவரவும் குடியுரிமையும் இலங்கையின் உள்விவகாரம் என்று அது ஒதுங்கிக்கொண்டது. சிறுபான்மையினரைப் பாகுபடுத்தும் சட்டத்தைத் தடுப்பதற்கு 29ஆம் பிரிவு இருக்கிறது என்ற ஆறுதலை மட்டும் யாப்பு தந்தது. அந்த ஆறுதலின் பெறுமதியை 1953இல் லண்டன் கோமறைக் கழகம் சொல்லிற்று. கோடகன்பிள்ளை வழக்கில், பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் 29ஆம் பிரிவை மீறவில்லை என்று தீர்ப்பாயிற்று.

இடையில் பேரரசே தன் சட்டத்தை மாற்றிக்கொண்டிருந்தது. கனடா 1946இல் தனக்கெனக் குடியுரிமைச் சட்டம் இயற்றியது. 1947இல் லண்டனில் கூடிய சட்ட நிபுணர்கள், ஒவ்வொரு நாடும் தன் குடிகளைத் தானே வரையறுக்கலாம், அவ்வாறு வரையறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் பொதுநலவாயப் பிரஜைகளாகவும் இருப்பர் என்ற ஏற்பாட்டுக்கு வந்தனர். அது கனடாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் பொருந்திய ஏற்பாடு. ஒரு நாடு தன் மக்களில் ஒரு பகுதியை எந்த வரையறைக்குள்ளும் சேர்க்காமல் விட்டுவிட்டால் என்னாகும் என்பதற்கு அதில் வழி சொல்லப்படவில்லை.

1947 டிசம்பர் இறுதியில் சேனநாயக்க மறுபடியும் டில்லி சென்றார். இம்முறை எதிரே அமர்ந்திருந்தவர் பிரதமர் நேரு. தொடர்ந்து 1948 முழுவதும் கடிதப் போக்குவரத்து. இலங்கைக்கான இந்தியாவின் பிரதிநிதியாகக் கொழும்பில் இருந்தவர் வி.வி.கிரி. அந்தக் கடிதங்களின் சாரம் ஏழா, பத்தா என்பதே. மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு வதிவு வேண்டும் என்றது கொழும்பு. எல்லோருக்கும் ஏழு போதும் என்றது டில்லி. எந்தத் திகதியிலிருந்து எண்ணுவது என்பதிலும் இழுபறி. எப்படி நிரூபிப்பது, யார் தீர்ப்பளிப்பது என்பதிலும் அப்படியே. மூன்று தலைமுறைக் கூலியைப் பற்றி இரண்டு படித்த மனிதர்கள் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை.

இங்கே மன்னார் வாசகர்களுக்கு ஒரு செய்தி. பிரஜாவுரிமை விவகாரத்தைக் கையாண்ட பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சு பிரதமரின் கையில் இருந்தது. அதன் நிரந்தரச் செயலாளர் ஒரு தமிழர்: கந்தையா வைத்தியநாதன். பின்னாளில் சர் பட்டம் பெற்று, செனற்றராகி, அமைச்சருமானார். மன்னாரில் அவரை எவரும் இந்தச் சட்டத்தோடு சேர்த்து நினைப்பதில்லை. பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரத்தைப் புனரமைத்த திருப்பணிச் சபையின் தலைமகன் என்றே அவருக்கு அங்கே பெயர். அந்தப் புகழ் உரியதே. பாலாவிக் கரையில் அந்தத் திருப்பணி முளைவிட்ட அதே காலப்பகுதியில்தான் அவருடைய அமைச்சின் கோப்புகளில் ஏழும் பத்தும் எழுதப்பட்டன என்பதை நான் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. அதிகாரி தன் அமைச்சரின் கொள்கையை எழுதுகிறவர். ஆனால் ஒரு மனிதரை ஒரே வரியில் எழுதி முடித்துவிடும் பத்திரிகைக்காரனின் பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

மன்னார் தொகுதியின் அன்றைய பாராளுமன்ற உறுப்பினர் சிற்றம்பலமும் டி.எஸ்.சேனநாயக்கவின் அமைச்சரவையில்தான் இருந்தார். தபால், தொலைத்தொடர்பு அமைச்சர். 1947 தேர்தலில் சுயேச்சையாக நின்று வென்றவர். தொழிலாளர் இறங்கிய துறையின் பிரதிநிதி, அவர்களைக் குடியற்றவராக்கிய அரசாங்கத்தின் அமைச்சர். அதே தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றிருந்தது. சௌமியமூர்த்தி தொண்டமானும் கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளையும் அந்த ஏழு பேரில் அடங்குவர்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஓகஸ்டில் நிறைவேறி நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் சிறியது. அது வருவதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இதை நிரூபிக்க வேண்டியவர் அவரே. பிறப்புப் பதிவு நாட்டில் கட்டாயமானதே 1897இல். பூட்டனின் பிறப்பு அத்தாட்சி நுவரெலியாக் கச்சேரியில் மட்டுமல்ல, மாத்தறையிலும் யாழ்ப்பாணத்திலும்கூட எவரிடமும் இல்லை. வேறுபாடு என்னவென்றால், மாத்தறைக்காரரிடம் எவரும் கேட்கவில்லை. 1946 குடிசன மதிப்பின்படி இந்தியத் தமிழர் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். நாட்டின் சனத்தொகையில் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் ஒரே நாளில் கேட்கப்படுகிறவர்களானார்கள்.

அடுத்து வந்தது 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். பதிவு செய்து பிரஜையாகலாம் என்ற வாசலை அது திறந்தது. நேருவும் சேனநாயக்கவும் எழுதிக்கொண்ட ஏழும் பத்தும் கொழும்பு கேட்டவாறே இதில் இடம்பெற்றன. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் ஏழு அல்லது பத்து ஆண்டு தொடர்ச்சியான வதிவு. அதன் பின்னரும் விடாத வதிவு. ஒருமுறை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். அதாவது தாயின் நோய்க்கு, தங்கையின் கலியாணத்துக்கு என்று தலைமன்னாரில் கப்பலேறி, ஊரில் மழை பொய்த்தோ காசு இல்லாமலோ திரும்பச் சுணங்கியவன் தன் நாட்டை இழந்தான். தேர்தல் சட்டமும் அதே ஆண்டில் திருத்தப்பட்டு, பிரஜை அல்லாதவருக்கு வாக்கு இல்லை என்றாயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களும் இல்லை.

யாழ்ப்பாணத்துத் தமிழ் அரசியல் இந்த இடத்தில் இரண்டாகப் பிளந்த கதை நன்கு அறியப்பட்டது; விரிக்கவில்லை. ஜீ.ஜீ.பொன்னம்பலம் அமைச்சரவையில் சேர்ந்தார். எஸ்.ஜே.வி.செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். சி.சுந்தரலிங்கம் இரண்டாவது சட்டத்தின்போது அமைச்சர் பதவியை விட்டார்.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இந்தப் பதிவைப் பகிஷ்கரித்தது. கௌரவம் அதற்குக் காரணம். பிறந்த நாட்டில் விண்ணப்பிப்பதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் கெடு 1951 ஓகஸ்ட் 5. இறுதி மாதங்களில் மனம் மாறி, தோட்டம் தோட்டமாக விண்ணப்பம் எழுதினார்கள். இரண்டு இலட்சத்து முப்பத்தேழாயிரம் விண்ணப்பங்கள். அவற்றில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள். பகிஷ்கரிப்பில் போன காலம் விலைமதிப்பற்றது என்பது என் கருத்து. தலைவர்களைக் குறைசொல்வது பிற்காலத்தவருக்கு எளிது என்பதையும் அறிவேன். 1964 வரையில் அந்த எட்டு இலட்சத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் பேருக்கே பிரஜாவுரிமை கிடைத்தது.

மன்னார்க் கரையின் வாழ்க்கையும் இதே காலத்தில் மாறிற்று. 1949 நவம்பர் முதலாம் திகதி குடிவரவு, குடியகல்வுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருந்தவர்களுக்கு இராமேஸ்வரமும் பாம்பனும் அயலூர்கள். பெண் கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள். அதுவரை காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவர்கள் இனிக் கடவுச்சீட்டையும் விசாவையும் பார்க்க வேண்டியதாயிற்று. 1952இல் இராணுவத்தைக் கொண்டு 'மொன்ரி நடவடிக்கை' தொடங்கிற்று. 1963இல் அது விரிவுபட்டு, கள்ளக்குடியேற்றத் தடுப்புப் படை என்ற பெயரில் இராணுவம் கரையில் கூடாரமடித்தது. 1981 வரை இருந்தது. 'கள்ளத்தோணி' என்ற சொல் அந்தக் காலத்தில் நாடெங்கும் பரவிற்று. அனுமதியின்றிக் கரையேறியவனைக் குறித்த சொல், லயத்தில் பிறந்த குழந்தைக்கும் வசையாயிற்று. தமிழர்களும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பதை எழுதாமல் விடுவது நேர்மையாகாது. என் காதால் கேட்டிருக்கிறேன்.

1953 ஜூனில் லண்டனில் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்குச் சென்ற இடத்தில் டட்லி சேனநாயக்கவும் நேருவும் பேசினர். நான்கு இலட்சம் பேர் பிரஜைகள், இரண்டரை இலட்சம் பேருக்கு நிரந்தர வதிவு அனுமதி, மூன்று இலட்சம் பேர் இந்தியாவுக்கு. கட்டாயமாக எவரையும் ஏற்க முடியாது என்றார் நேரு. அவருடைய நிலைப்பாட்டுக்குச் சட்ட அடிப்படை இருந்தது. வெளிநாடுகளில் வாழும் இந்திய வம்சாவளியினர் இந்தியப் பிரஜையாக வேண்டுமானால் அவர்களே விரும்பி இந்தியப் பிரதிநிதியிடம் பதிய வேண்டும் என்பது இந்திய யாப்பின் 8ஆம் உறுப்புரை. எனவே இலங்கை தள்ளியவன் தானாக இந்தியன் ஆகிவிடமாட்டான். கொழும்பு அதை ஏற்கவில்லை. எங்கள் பிரஜை அல்லாதவன் உங்கள் பிரஜை என்றது. 1954 ஜனவரியில் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலயும் கையொப்பமிட்ட உடன்படிக்கை இந்தப் பிணக்கைத் தீர்க்கவில்லை. கள்ளக்குடியேற்றத்தைத் தடுப்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர். இரண்டு சட்டங்களுக்கும் இடையில் விழுந்தவர்களுக்கு 'நாடற்றவர்' என்று பெயர் வந்தது.

1964 மே மாதம் நேரு காலமானார். அந்த ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்க டில்லி சென்றார். லால் பகதூர் சாஸ்திரி பதவிக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பல நாட்கள் பேச்சு. ஒக்டோபர் 30இல் கையொப்பம். நாடற்றவர் மொத்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம். அதில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் பிறகு. பதினைந்து ஆண்டில் முடிக்க வேண்டும். ஏழு பேர் கப்பலேறினால் நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை என்பது விகிதம். போகிற குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு நாலாயிரம் ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் ஒரு வாசகம். 1974 ஜனவரியில் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைச் சரிபாதியாக, எழுபத்தையாயிரம் எழுபத்தையாயிரமாகப் பிரித்துக்கொண்டனர். பாகம் பிரிக்கும்போது மாட்டை எண்ணுவது போல என்று ஒரு தோட்டத் தலைவர் என்னிடம் சொன்னார். பிறகு தாமே திருத்திக்கொண்டார்: மாட்டையாவது பார்த்துத்தான் எண்ணுவார்கள்.

டில்லியில் கையொப்பமிட்டு எட்டு வாரம் ஆகுமுன், டிசம்பர் 22–23 இரவில், புயல் தனுஷ்கோடியை விழுங்கிற்று. ரயிலோடு பயணிகள் கடலில் போயினர். ஐந்தேகால் இலட்சம் பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா ஒப்பிய அந்தக் கடல்வழியின் மறுமுனை இல்லாமற் போயிற்று. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிற்று. எங்கள் தலைமுறைக்கு அந்தக் கப்பல் 'இராமானுஜம்'.

ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டம் 1967இல் வந்தது. இந்தியப் பிரஜாவுரிமை வழங்கப்பட்டாலே விகிதக் கணக்கில் சேர்க்கலாம் என்று டட்லி அரசாங்கம் வைத்ததை, ஆள் கப்பலேறினால்தான் கணக்கு என்று 1970க்குப் பின் வந்த அரசாங்கம் மாற்றிற்று. காகிதத்தில் இது ஒரு சொல் திருத்தம். துறையில் அதன் பொருள் வேறு. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் இலங்கையையும் நான்கு இலட்சம் பேர் மட்டுமே இந்தியாவையும் கேட்டிருந்தனர். ஒப்பந்தம் போட்ட கணக்கு தலைகீழ். மக்களிடம் முன்பே கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி வந்தது. 1977இலும் 1981இலும் வன்செயல் வந்தது. பலர் அப்போது மனத்தை மாற்றிக்கொண்டார்கள். அதைச் சுயவிருப்பம் என்று கோப்பில் எழுதினார்கள்.

அட்டனிலும் பதுளையிலும் புறப்பட்ட அந்த ரயில்களுக்கு மலையகம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டது. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த குடும்பங்கள் உண்டு. நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதவர்கள் தலைமன்னாரில் அழவில்லை என்று அங்கே சாமான் சுமந்த ஒருவர் சொன்னார். சுங்கமேசையில் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து காட்ட வேண்டும்; காதில் கழுத்தில் கிடப்பதைக் கணக்குச் சொல்ல வேண்டும்; அழ நேரமில்லை. மறுகரையில் மண்டபம் முகாம். தாத்தா நோய்ச் சோதனைக்கு நின்ற முகாமில் பேரன் குடும்ப அட்டைக்கு நின்றான். நீலகிரியில் அவர்களுக்கென அரசு தேயிலைத் தோட்டம் உருவாக்கப்பட்டது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களுக்குச் 'சிலோன்காரர்' என்று பெயர். இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன்.

1984இல் போர்ச்சூழலில் கப்பல் நின்றது. அதுவரை ஒப்பந்தக் கணக்கில் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் போயிருந்தனர். பிறந்த குழந்தைகளையும் சேர்த்தால் நான்கரை இலட்சத்தைத் தாண்டும். இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வாங்கிவிட்டு, முறை வருமுன் கப்பல் நின்றதால் தங்கிப்போனவர்கள் எண்பதாயிரத்துக்கு மேல். அதே ஆண்டில் எதிர்த்திசையிலிருந்த தேவை வந்தது. மன்னார்க் கரையிலிருந்து படகேறிய அகதிகளில் 1977க்குப் பின் வன்னியிலும் மன்னாரிலும் குடியேறிய மலையகத்தவரும் இருந்தனர். அவர்களும் மண்டபம் முகாமுக்கே போனார்கள். மூன்றாவது முறை. அவர்களிற் பலர் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் அத்தகைய வழக்கு ஒன்று வந்தது.

இலங்கையில் 1986, 1988 சட்டங்கள் பாதி வழி வந்தன. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் மீதியை முடித்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிகின்ற இந்திய வம்சாவளியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரஜைகள் என்றது அது. சாஸ்திரியும் சிறிமாவோவும் கையொப்பமிட்ட அதே நாள். எந்த நாளில் அவர்களைப் பங்கு பிரித்தார்களோ, அந்த நாளில் அவர்கள் இங்கே இருந்தார்கள் என்பதே சான்றாயிற்று. பூட்டன் வேண்டாம், ஏழும் வேண்டாம், பத்தும் வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்கள் ஒரு சத்தியக்கூற்று எழுதிக் கொடுத்தால் போதும். ஐம்பத்தைந்து ஆண்டுகளாக முடியாது என்று சொல்லப்பட்ட காரியம் ஒரு பக்கத்தில் முடிந்தது.

அந்தச் சட்டம் வந்த பிறகு முருங்கன் பக்கமாக ஒரு வீட்டில் முதியவர் ஒருவரைச் சந்தித்தேன். 1977க்குப் பின் மலையிலிருந்து இறங்கி வந்தவர். துறைக்குக் கிட்ட இருந்தால் முறை வரும்போது போவதற்கு வசதி என்று மன்னார்ப் பக்கம் வந்ததாகச் சொன்னார். முறை வருமுன் கப்பல் நின்றுவிட்டது. பிறகு போர், காடு, முகாம். தகரப் பெட்டியிலிருந்து பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடவுச்சீட்டை எடுத்துக் காட்டினார். குடும்பப் படம், அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மனைவியும் ஒரு பிள்ளையும் இப்போது இல்லை. புறப்பட்ட முத்திரைக்கான பக்கம் வெறுமையாக இருந்தது. சத்தியக்கூற்று எழுதிக் கொடுத்துவிட்டதாகவும், தான் இப்போது இலங்கைப் பிரஜை என்று கிராம சேவகர் சொன்னதாகவும் சொன்னார். பிறகு அந்தக் கடவுச்சீட்டை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் பையில் சுற்றியபடி கேட்டார்:

"ஐயா, இத நான் யாருகிட்ட திருப்பிக் குடுக்கணும்?"